தண்ணிப்பால் என்று நான் எழுதிக்கொடுத்தது

மருந்து கலக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னை மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் மறுத்துவிட்டேன். பிறகு நான்காவது முறை கேட்காமல் விட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, கேட்டீர்கள்.

முப்பத்தாறு ஆண்டுகள் டிஸ்பென்சராக இருந்தேன். அந்தக் காலத்தில் செய்த தவறுகளை ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து பட்டியல் போட்டேன். நாற்பத்தொன்று வந்தது. அவற்றில் முப்பது, பசை காயாத லேபல், இறுக்காத மூடி போன்ற சில்லறைகள். அவற்றால் என் தூக்கம் கெட்டதைத் தவிர வேறு தீங்கில்லை. பத்து, மருந்து வாசலைத் தாண்டுமுன் நானே கண்டுபிடித்துத் திருத்தியவை. மீதி ஒன்று இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களைத் தவிர, அதை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்ட பாதிரியார். அவர் சிரித்துவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கண்டி நகரத்தில், வாவிக்கரையிலிருந்து சற்று உள்ளே, ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் மருந்துச்சாலை. ஏறுவதற்குப் பதினேழு படிகள். டாக்டர் யாழ்ப்பாணத்தவர், என்னைவிட நான்கு வயது இளையவர். அந்த நான்கு வயது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது. நோயைப் பற்றிப் பேச ஆங்கிலமும் என்னைத் திட்ட யாழ்ப்பாணத் தமிழும் வைத்திருந்தார். நான் நாவலப்பிட்டியில் ரயில்வே குமாஸ்தா ஒருவரின் மகன். கண்டியில் பாதிரிமாரிடம் படித்தவன். கல்யாணம் ஆகவில்லை. ஓர் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு மூன்று வேளையும் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டேன்.

என்னிடம் இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, நான் எதையும் எண்ணாமல் விடமாட்டேன். இன்னொன்று என் தமிழ். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லும் பத்தியத்தை நோயாளிக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. பிழையில்லாமல் எழுதுவேன். அந்தச் சீட்டுகளை நோயாளிகள் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாலும் தகும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

ஒரு திங்கட்கிழமை காலை, பிலிமத்தலாவை அரிசிக்கடை முதலாளி தன் மனைவியை வாடகைக் காரில் கூட்டி வந்தார். கூடவே மனைவியின் மூத்த சகோதரியும் வந்திருந்தார். கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நரைத்த தாடி எதையும் நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அந்தத் தாத்தாவுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. தங்கைக்கு இருபத்தேழு. மூன்று பிள்ளைகளின் தாய். எங்கள் பதினேழு படிகளை ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மாதமாகப் பேதி. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். தோலுரித்த மாதிரிச் சிவந்திருந்தது. கைகால்கள் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. டாக்டர் கை கழுவிக்கொண்டே, “ஸ்புரூ” என்றார். தோட்டத்துத் துரைமாருக்குத்தான் அது வரும் என்று ஒரு பேச்சு உண்டு, தேடிப் பார்த்தால் நம்மவர்களிடமும் இருக்கிறது என்றார்.

இங்கே ஒரு சிறிய விளக்கம். இது தெரியாவிட்டால் என் முட்டாள்தனத்தின் அளவு உங்களுக்குத் தெரியாது.

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது உங்களுக்குத் தெரியும். மீனெண்ணெய் மருந்து செய்யும்போது பிசினைப் போட்டுக் கல்வத்தில் அரைக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் உலக்கைக்கு அடியில் சடசடவென்று ஒரு சத்தம் வருகிறது. எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து பால்போல வெளுத்துவிடுகிறது. நாம் சாப்பிடும் கொழுப்புக்கும் குடலில் இதுவேதான் நடக்கிறது. அங்கே பிசினுக்குப் பதில் பித்தநீர். பித்தநீர் கொழுப்பைத் துளிகளாக்கிக் கொடுக்க, கணையத்தின் நீர் அந்தத் துளிகளை இன்னும் சிறிய கூறுகளாக வெட்டுகிறது. அதுவரை நடப்பது செரிமானம். செரித்தால் மட்டும் போதாது, குடலின் சுவர் அதை உள்ளே எடுக்க வேண்டும். எடுத்த கொழுப்பு, சர்க்கரையைப்போல நேரே இரத்தத்துக்குப் போகாது. வெள்ளை நூல் மாதிரி மெல்லிய குழாய்கள் வழியாக நெஞ்சுக்கு ஏறி, கழுத்தின் இடப்பக்கத்தில் இரத்தத்தோடு கலக்கிறது. ஸ்புரூ வந்தவரிடம் பித்தம் இருக்கிறது, கணையமும் இருக்கிறது. உரல் உலக்கை எல்லாம் சரி. குடலின் சுவர்தான் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. வெட்டித் தயாராக்கிய கொழுப்பு, கேட்பாரில்லாமல் அப்படியே வெளியே போகிறது. அதனால் மலம் வெளுத்து, நுரைத்து, கொழுப்பும் காற்றுமாகத் தண்ணீரில் மிதக்கும்.

டாக்டர் எனக்கு ஆங்கிலத்தில் இரண்டு கட்டளை தந்தார். ஒன்று, கொழுப்பு எடுத்த பால் மட்டும், நாளொன்றுக்கு நான்கு போத்தல், கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு, தினமும் மூன்று விஷயம் குறிக்க வேண்டும்: எத்தனை தடவை, என்ன நிறம், மிதக்கிறதா தாழ்கிறதா.

நான் சீட்டை எடுத்து உட்கார்ந்தேன். ‘ஆடை நீக்கிய பால்’ என்று அழகான தமிழ் உடனே வந்தது. பேனாவை வைக்கப்போனவன் நின்றுவிட்டேன். எதிரே முக்காட்டோடு இரண்டு பெண்கள். பக்கத்தில் முதலாளி. ஒரு கண்ணியமான வீட்டுப் பெண்ணின் சீட்டில் ‘ஆடை நீக்கிய’ என்று தொடங்கி எழுத என் கை வரவில்லை. முதலாளி சத்தம் போட்டு வாசித்தால் என்ன ஆவது? நான்கு நிமிடம் யோசித்தேன். ஆடையை எடுத்தால் பால் எப்படி இருக்கும்? தண்ணியாக இருக்கும். எழுதினேன்: ‘தண்ணிப்பால் மட்டும். ஒரு நாளைக்கு நான்கு போத்தல். வேறு எதுவும் கூடாது.’

அவ்வளவு எளிய தமிழில் எழுதியதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது உங்களில் சமைக்கத் தெரிந்தவர்கள் தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்கு அன்றைக்கு வயது முப்பத்துநான்கு. அதுவரை ஒரு குசினிக்குள் முழுசாக ஐந்து நிமிடம் நின்றதில்லை.

டாக்டர் சொன்னபடி ஒரு தாளில் மூன்று பத்தி கோடிட்டேன். முதலாளி சரக்கு எடுக்கக் கண்டிக்கு வரும் நாட்களில் படியேறி வந்து கணக்குச் சொல்லிவிட்டுப் போவார்.

“எத்தனை தடவை?”

“ஒம்பது.”

“நிறம்?”

முதலாளி என் பின்னால் இருந்த போத்தல்களைப் பார்த்தார். அவருக்குக் காது சிவந்தது. “சாதாரணம் தான்.”

“மிதக்குதா?”

“அதெல்லாம் சாதாரணம் தான் ஐயா.”

நானும் கூச்சக்காரன். இரண்டாவது, மூன்றாவது பத்திகளில் ‘சாதாரணம்’ என்று எழுதினேன். அடுத்த நாளுக்கு ‘மேற்படி’. அதற்கடுத்த நாளுக்கும் ‘மேற்படி’. குமாஸ்தா மகனுக்கு அந்தச் சொல் தாய்ப்பாலில் வந்தது. பிறகு அவரிடம் கேட்பதையே விட்டுவிட்டேன். எழுதுவதை மட்டும் விடவில்லை.

எண்ணிக்கையோ அற்புதமாக இருந்தது. சீமைச்சுண்ணாம்பும் அபினும் சேர்ந்த வெள்ளை மருந்து ஒன்றும் கொடுத்திருந்தோம். ஒன்பது எட்டானது, ஆறானது, மூன்றானது. சிவப்பு மையில் கோடு வரைந்தேன். கோடு கடுகண்ணாவை மலைச் சரிவுபோல இறங்கியது. டாக்டரிடம் காட்டினேன். “வடிவாத்தான் கிடக்கு, காணும்” என்று பாராட்டினார். அந்த வாரம் முழுவதும் படிகளை இரண்டிரண்டாக ஏறினேன்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. முதலாளி, கடை பூட்டிய பிறகு மனைவியை அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் நிறுத்து அதையும் சொல்லிக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு றாத்தல். பிறகு எழுபத்தொன்பது. பிறகு எழுபத்தாறு.

“முதலாளி, மூட்டை நிறுக்கிற தராசு ஆளை நிறுக்கத் தோதுப்படாதுங்க,” என்றேன்.

“அரிசிக்கு உண்மை சொல்லுது. எங்கட ஊட்டு ஆளுக்கு மட்டும் பொய் சொல்லுமா?”

தாளின் ஓரத்தில் எடையை எழுதி, பக்கத்தில் ‘தராசு சந்தேகத்துக்குரியது’ என்று சிறிய எழுத்தில் சேர்த்தேன். என் பத்திக்குள் இருந்ததை நம்பினேன். பத்திக்கு வெளியே இருந்ததைச் சந்தேகப்பட்டேன். இதுதான் நோய், தம்பிகளே. ஸ்புரூவைவிடக் கெட்டது.

டாக்டர் தன் தங்கையின் கல்யாணத்துக்காகப் பத்து நாள் யாழ்ப்பாணம் போனார். அவர் போன நான்காம் நாள், அதாவது சீட்டு எழுதிய இருபத்தைந்தாம் நாள், முதலாளி மூச்சு வாங்க ஓடிவந்தார். தொப்பி கையில் இருந்தது.

“டிஸ்பென்சர் ஐயா, அவட கை ரெண்டும் இழுத்துக்கிச்சு. வெரலெல்லாம் கூம்பிப் பெய்த்து. விரிக்க ஏலா.”

“எத்தனை தடவை போனாங்க?”

“கை இழுக்குது எண்டு சொல்றேன் ஐயா!”

“விளங்குதுங்க. எத்தனை?”

“ரெண்டு.”

இரண்டு என்று எழுதினேன். அதை எழுதும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது நினைத்தாலும் என் காதை நானே பிடித்துத் திருகலாம் போலிருக்கிறது.

“அந்த வெள்ள மருந்து தானே ஒம்பத ரெண்டாக்கிச்சு. இன்னம் ரெண்டு போத்தல் தாங்க. ஒண்டாக்கிட்டா சுகம் தானே?”

அவர் பேசியது என் நியாயம்தான். இருபத்தைந்து நாளாக நான் கற்றுக்கொடுத்த பாடத்தை எனக்கே ஒப்புவித்தார். நான் போத்தலை எடுத்து ஊற்றினேன், தக்கையும் போட்டேன். கொடுத்ததைக் குறித்துக்கொள்ளத் தாளை இழுத்தேன். கையிழுப்பை எங்கே எழுதுவது? எண்ணிக்கைப் பத்தியில் அதற்கு இடமில்லை. நிறப் பத்தியில் இடமில்லை. தாள் முழுவதும் தேடினேன். அப்போதுதான் அந்த இரண்டு பத்திகளிலும் மேலிருந்து கீழாக இறங்கிய மேற்படிகளை முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு பத்தியில் இருபத்துநான்கு வீதம் நாற்பத்தெட்டு. அந்த நாற்பத்தெட்டில் ஒன்றுகூட எனக்கு உண்மையில் தெரியாது.

போத்தலை அலுமாரியில் திரும்ப வைத்துப் பூட்டினேன். வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலாளியோடு பஸ் ஏறினேன். பேராதனைப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் இருந்தவர்களை எண்ணவில்லை. எண்ணாதது எனக்கே பயமாக இருந்ததால் பிறகு எண்ணினேன். இருபத்துமூன்று.

வீட்டில் முன்கூடத்துக் கதிரையில் என்னை உட்கார வைத்தார்கள். உள்வாசலில் திரைச்சீலை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாத்தா பேசினார்.

“என்ன குடுக்கிறீங்க சாப்பிட?” என்று கேட்டேன்.

“நீங்க எழுதித் தந்தது தான். தண்ணிப்பால். வேற ஒரு சொட்டு வாயில வெக்க விடல்ல.”

“அதைக் கொஞ்சம் காட்டுங்க.”

திரைக்குக் கீழே ஒரு கோப்பை வந்தது. பத்து வருடம் மீனெண்ணெய் முகர்ந்து கெட்டுப்போன மூக்கு என்னுடையது. அதற்குக்கூடத் தெரிந்தது.

“இது தேங்காய்ப்பால்!”

“பின்ன?”

“நான் சொன்னது பசும்பாலுங்க! ஆடை எடுத்த பசும்பால்!”

“பசும்பால் எண்டு எங்க எழுதீக்கி? சீட்ட அலுமாரிக் கதவுல ஒட்டி வெச்சீக்கேன், வாசிச்சுக் காட்டவா? தண்ணிப்பால் எண்டு எழுதீக்கி. தண்ணிப்பால் எண்டா தேங்காப்பூவ ரெண்டாந்தரம் புழியிற பால். கண்டியில எந்த ஊட்டுக் குசினிக்கும் பெய்த்துக் கேளுங்க.”

“படிச்சவங்களுக்கு விளங்கியிருக்கும்,” என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன்.

“அப்ப படிச்ச ஆக்கள் சமைக்கிற இல்ல போல.”

நாளைக்கு நான்கு போத்தல். முதலாளி ஒருநாள் என் முன்னால் நின்று, வீட்டில் தேங்காய் துருவித் துருவி எல்லோருக்கும் கை வலி என்று சொன்னது நினைவுக்கு வந்தது. நான் அதை ஊர்ப்பேச்சு என்று எண்ணித் தலையாட்டியிருந்தேன்.

“இன்னைக்குப் போனதை நான் பார்க்கணும்,” என்றேன்.

“ஐயா!” என்றார் முதலாளி.

திரைக்குப் பின்னாலிருந்து தாத்தாவின் குரல் வந்தது. இந்த முறை அதில் கேலி இல்லை.

“இருவத்தஞ்சு நாளா எத்தன, எத்தன எண்டு கேட்டு அனுப்பினீங்க. எப்பிடி எண்டு ஒரு நாள் கேட்டீங்களா?”

“முதல் நாளே கேட்டேங்க. சாதாரணம்னு முதலாளி சொன்னார்.”

“மச்சான் எங்க பாத்த? அவர் அந்தப் பக்கம் தலகாட்டுறதே இல்ல.”

முதலாளி கூரையைப் பார்த்தார். ஓடுகளைத்தான் எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

கொல்லைப்புறத்தில் மூடி வைத்திருந்த சட்டியைப் பார்த்தேன். இரண்டு தடவைதான் போயிருந்தார், என் கணக்கு சரி. ஆனால் அந்த இரண்டும் ஆறு தடவைக்கான அளவு இருந்தன. அரிசிமாவைக் கரைத்த வெளுப்பு. நுரை. ஓரத்தில் எண்ணெய் வளையம். தண்ணீர் ஊற்றினேன். கீழே போய், எனக்காகவே வந்ததுபோல மறுபடி மேலே வந்து மிதந்தது. அந்தப் பெண் தினமும் நான்கு போத்தல் குடித்துப் பட்டினி கிடந்திருக்கிறார். கதவு சாத்திய வீட்டு வாசலில் இருபத்தைந்து நாளாக நான் எண்ணெய் வண்டியை அனுப்பிக்கொண்டிருந்தேன். அபின் மருந்து குடலைக் கட்டி, வண்டிகள் வந்துபோகும் தடவையை மட்டும் குறைத்தது. அதைத்தான் சிவப்பு மையில் வரைந்தேன்.

கூடத்துக்குத் திரும்பிவர ஒன்பது அடி தூரம். அந்த ஒன்பது அடியில் நான் நினைத்தவற்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் பயன்படக்கூடியது அது ஒன்றுதான். பிழை வீட்டாருடையது என்று சொல்லிவிடலாம். முதலாளி நம்புவார். சீட்டை ‘பார்க்கத் தாருங்கள்’ என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். டாக்டர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். இதெல்லாம் மூன்று அடிக்குள் தோன்றின. நான் வேகமாக யோசிப்பவன். ஆனால் அந்தப் பெண் இன்றே கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். தான் பக்கத்தில் இல்லாமல் ஆண் டாக்டர்கள் இராப்பகலாக வந்துபோகும் வார்டில் படுக்கவிடமாட்டேன் என்று முதலாளி முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தார். வெள்ளை மருந்து நல்லது என்று அவர் நம்பும்வரை ஆஸ்பத்திரிக்குச் சம்மதிக்கமாட்டார். அந்த நம்பிக்கையை உடைக்க என்னை உடைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வீரம் ஒன்றுமில்லை. வேறு வழி ஒன்று இருந்திருந்தால் அதில்தான் போயிருப்பேன்.

“முதலாளி, பிழை என்னுடையதுங்க. டாக்டர் பசும்பால்னுதான் சொன்னார். நான்தான் தப்பா எழுதினேன். எண்ணிக்கை குறைஞ்சதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்ல. உங்க தராசு சொன்னதுதான் உண்மை. அவங்க மெலிஞ்சுக்கிட்டே போறாங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாட்டி...”

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்புக்காரர். நான் வாசலுக்கு எத்தனை அடி என்று கணக்குப் போட்டேன்.

“ரெண்டாம் பால் மட்டும் இல்ல,” என்று திரைக்குப் பின்னால் தாத்தா அழுவது கேட்டது. “மெலியுறாளே எண்டு நானும் ரெண்டு கரண்டி கட்டிப்பால் சேத்துச் சேத்துக் குடுத்தேன். அல்லாஹ்வே.”

“நீங்க அன்பில செஞ்சீங்க. நான் எழுத்தில செஞ்சேன். சீட்டு என்னோடதுங்க,” என்றேன்.

தாத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதலாளியை அதட்டினார்.

“மச்சான், என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? எண்ண மட்டும் தெரிஞ்ச மனிசனுக்கு இண்டைக்குத் தான் பாக்கத் தெரிஞ்சீக்கி. திரும்ப எண்ணத் தொடங்க முந்திக் காரப் பிடிங்க!”

கார் வந்தது. ஆஸ்பத்திரியில் சுண்ணாம்புச் சத்தை நரம்பில் ஏற்றினார்கள். கூம்பியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்ததை வாசலில் நின்று பார்த்தேன். பத்து. இதை எண்ணியதற்கு யாரும் என்னைக் குறைசொல்ல முடியாது.

நான் அடித்த தந்தியைப் பார்த்து டாக்டர் கல்யாணத்துக்கு மறுநாளே ரயிலேறி வந்தார். மேசையில் தாளையும் தாத்தாவிடம் கேட்டு வாங்கிய சீட்டையும், பக்கத்தில் இராஜினாமாக் கடிதத்தையும் வைத்தேன். கடிதம் இரண்டு பிரதி. அவர் சீட்டை நெடுநேரம் பார்த்தார்.

“ஏன் காணும் தண்ணிப்பால் எண்டு எழுதினீர்?”

‘ஆடை நீக்கிய’ விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் இருமுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்படி ஆயிற்று.

“பசு எண்டு ரெண்டெழுத்து முன்னால போட்டிருந்தாப் போதுமே! நாலு நிமிஷம் யோசிச்சனீராம்!” பிறகு சிரிப்பு நின்றது. அவர் என் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். “நானும் உம்மட கோட்டைத்தான் பாத்தனான். ஓரத்திலை நிறை எழுதிக் கிடந்தது. வாசிக்கேல்லை. கோடு வடிவா இருந்தது.” இராஜினாமாவின் இரண்டு பிரதிகளையும் கிழித்தார். “கொழுப்பு உள்ளுக்குப் போகாட்டிச் சும்மா கிடக்காது. சுண்ணாம்பைப் பிடிச்சுச் சோப்புப்போலச் சவர்க்காரமாக்கிக்கொண்டு வெளியாலை போயிடும். அதுதான் அந்தப் பிள்ளைக்குக் கை இழுத்தது. விளங்குதே? இண்டைக்குப் பின்னேரம் என்ரை வீட்டை வாரும். மனுசி தேங்காய் புழியிறதைப் பாரும்.”

போனேன். முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால். மூன்றையும் பார்த்தேன். டாக்டரின் மனைவி நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்தும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

அண்மையில் ஓர் இளம் டாக்டர் என்னிடம், தேங்காய்க் கொழுப்பில் ஒரு பங்கு அந்த வெள்ளைக் குழாய்களுக்குப் போகாமல், பித்தத்தையும் அதிகம் எதிர்பாராமல், நேரே ஈரலுக்குப் போய்விடுகிறது என்றார். அப்படியானால் நான் அன்றைக்குச் செய்தது சரியோ என்று மூன்று இரவு புரண்டேன். நான்காம் நாள் அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். “சின்னப் பங்கு ஐயா. நீங்க கொடுத்தது நாலு போத்தல்,” என்றார். நிம்மதியா கவலையா என்று இன்னும் தெரியவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள்; வெற்றிடமாக விட்டாலும் பாதகமில்லை. உங்கள் தாளில் இடமில்லாத ஒன்று நோயாளிக்கு வந்தால் தாளைத் தூர வையுங்கள். பத்தியம் எழுதினால், அடுப்படியில் நிற்பவர் அதை எப்படி வாசிப்பார் என்று அவரிடமே கேளுங்கள். இதையும் எண்ணிப் போட்டுத் தரத்தான் கை வருகிறது. வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஆடை எடுத்த பசும்பால், கொழுப்பில்லாத ஈரல் சூப், கனிந்த வாழைப்பழம். எடை எழுபத்துநான்கில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தாத்தாவே தினமும் பார்த்தார். இன்னும் மிதக்கிறது என்று முதலாளி வந்து சொல்வார், இப்போது கூச்சமில்லாமல். நானும் டாக்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

ஒரு சனிக்கிழமை காலை. சந்தை நாள் கூட்டம். படிகளில் கீழ்வரை ஆட்கள் நின்றார்கள். கீழேயிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

“டிஸ்பென்சர் ஐயா! தாண்டுட்டு! தாண்டுட்டு ஐயா!”

நீரில் மூழ்கிப்போவதை எங்கள் பக்கத்தில் தாண்டுபோவது என்பார்கள். வரிசையில் எல்லோருக்கும் அவர் பிலிமத்தலாவை அரிசி முதலாளி என்று தெரியும். அரிசி பர்மாவிலிருந்து கப்பலில் வருகிறது என்றும் தெரியும்.

“என்ன மொதலாளி, கப்பலா?” என்று கேட்டார் முன்னால் நின்ற வெற்றிலைக் கடைக்காரர்.

முதலாளிக்கு அது காதில் விழவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு ஏறினார். “முழுசாத் தாண்டுட்டு! ஒரு துண்டு மேல இல்ல! அல்ஹம்துலில்லாஹ்!”

“ஐயோ, எத்தன மூட்ட?”

“மூட்டயா?” முதலாளி அவரைக் கட்டிப்பிடித்தார். அழுதுகொண்டே சிரித்தார். “எல்லாம் அடியில! மஞ்சளா, கல்லு மாதிரி, அடியில!”

நான் கவுண்டருக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்து முகத்தைத் துணியால் மூடிக்கொண்டேன். விளக்கம் சொல்லியிருக்கலாம். எந்தத் தமிழில் சொல்வது? படிகளில் இருந்தவர்கள் ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுத்தார்கள். கடைசியில் வெற்றிலைக் கடைக்காரர் மெதுவாக உள்ளே வந்து என் தோளைத் தொட்டார்.

“ஐயா, எங்களுக்கு அவசரம் இல்லீங்க. பாவம், மனுசனுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு. மொதல்ல அவருக்குப் பாருங்க.”

திரும்பிப் பார்த்தேன். மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி முதலாளிக்கு வழிவிட்டு நின்றார்கள்.